ஹெட்டாபீசின் மூலைக்கால்

ஆவட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவார். என் மகள் குணாவுக்கு வேலை கிடைக்கும். ஊரில் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை, ஊருக்குத் தலைவரான பெரியதனக்காரரே சரி என்றுவிட்டார். அப்புறம் ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது? இதற்குப் பெயர் பிடிவாதமா, பயமா? இல்லை, யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றுக்கு நான் நல்ல பெயர் தேடிக்கொண்டிருக்கிறேனா?

தாயாரம்மாள் இப்படி நினைத்துக்கொண்டே எதிரே இருந்தவரின் வேட்டியைப் பார்த்தாள். முழங்கால்வரை நனைந்திருந்தது. கிளிஞ்சல் கம்பெனியின் மேனேஜர் வரதன் பெரியபாளையத்துக்காரர். தண்ணீர் என்றால் கோயில் குளம்தான் அவருக்குத் தெரியும். பழவேற்காட்டிலிருந்து ஏரியில் படகேறினால், உப்பந்திட்டு வந்து சேரும்வரை இரண்டு பக்கத்துப் பலகையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி இருப்பார். படகோட்டி மாரியப்பனும் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்த்து ஓட்டுவான். அவ்வளவு பயப்படுகிறவர் இந்த மாதத்திலேயே மூன்றாம் முறையாக வந்திருக்கிறார் என்றால், முதலாளி அவரை எப்படி விரட்டுகிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

விஷயம் இதுதான். தீவில் இருக்கும் கம்பெனியின் பழைய ஹெட்டாபீசைப் பிரிக்கப்போகிறார்கள். கும்மிடிப்பூண்டியில் புது ஹெட்டாபீசு எழும்பிவிட்டது. பழைய கட்டிடத்தின் ரங்கூன் தேக்கு உத்தரங்களைக் கொண்டுபோய் அங்கே கூட்ட அறைக்கு மேல்தளம் போட வேண்டும். தீபாவளிக்கு முன்னால் திறப்பு விழா. கட்டிடம் கம்பெனியுடையது, மரமும் கம்பெனியுடையது. தாயாரம்மாளிடம் கேட்பதற்கு எதுவுமே இல்லை, ஒன்றைத் தவிர.

உப்பந்திட்டில் வீடு கட்டுகிறவர் முதல் மரக்காலைத் தானே ஊன்ற மாட்டார். ஊருக்குக் கடைசியாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண்தான் ஈசானிய மூலையில் அந்தக் காலை நட வேண்டும். அதை மூலைக்கால் என்பார்கள். அதை நட்ட பிறகுதான் அவள் வெளியூர்க்காரி இல்லை. அதுவரை அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது, இன்னார் வீட்டுக்கு வந்தவள், அவ்வளவுதான். பிறகு எப்போதாவது அந்த வீட்டைப் பிரிக்க வேண்டி வந்தால், அதே பெண் வந்து காலைக் கையால் அசைத்துக் கொடுக்க வேண்டும். அவள் உயிரோடு இல்லையென்றால் அவள் மகளோ மருமகளோ வரலாம். உயிரோடு இருக்கும்போது வேறு கை கூடாது. அந்தக் கை படாமல் பிரித்த வீட்டின் ஒரு கழியைக்கூட ஊரில் யாரும் தொடமாட்டார்கள், எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். ஓலை வீடுகளை அடிக்கடி பிரித்துக் கட்டும் ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதும் இல்லை. காலையில் கூப்பிட்டால் போய் அசைத்துவிட்டு வந்து உலை வைப்பார்கள்.

ஹெட்டாபீசின் மூலைக்காலை நட்டவள் தாயாரம்மாள்.

ஒரு நிமிஷ வேலைதான் அம்மா என்று வரதன் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னார். முதலாளி படித்தவர், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவர், ஆனாலும் ஊர் வழக்கத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறார். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இடித்துவிடலாம். ஆனால் மரத்தை யார் படகில் எடுத்துப் போவது? அதனால்தான் இவ்வளவு தூரம். குணசுந்தரிக்குப் புது ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. முதலாளியே வாயால் சொன்னது.

யோசித்துச் சொல்வதாகத் தாயாரம்மாள் சொன்னாள். வரதன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மழைக்கு முன்னாடி யோசிச்சிடுங்கம்மா. எனக்கு இந்தப் படகு சவாரி ஆவல" என்று எழுந்தார்.

அவர் போன பிறகு அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஹெட்டாபீசுக்குப் போனாள்.

யுத்த சமயத்தில் கட்டிய கட்டிடம் அது. அதற்கு முன் கம்பெனியின் ஹெட்டாபீசு பட்டணத்தில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கின் மாடியில் இருந்ததாம். நாற்பத்திரண்டில், குண்டு விழப்போகிறது என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, இப்போதைய முதலாளியின் தகப்பனார் பெட்டி படுக்கையோடும் கணக்கப்பிள்ளைகளோடும் தன் கிளிஞ்சல் எங்கே கிடைக்கிறதோ அங்கேயே வந்துவிட்டார். ஏரியில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, அந்தச் சுண்ணாம்பையே கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்துச் சுவர் எழுப்பினார்கள். ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர். கீழே நிறுவைக் கூடம், மேலே ஆபீசு. செங்கல் ஏற்றி வந்த படகுக்காரர்கள், மூலைக்கால் இல்லாமல் ஒரு கல்லையும் இறக்கமாட்டோம் என்று படகிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே, சரி, யார் அந்தப் பெண், கூப்பிடுங்கள் என்றாராம். தாயாரம்மாளுக்கு அப்போது பதினாறு வயது. கல்யாணமாகி ஒரு மாதம். கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவளுக்கு ஏரித் தண்ணீரின் வாடைகூடப் பழகவில்லை. பூவரசங்காலைக் குழியில் இறக்கி மண்ணை மிதித்தபோது அவள் பயந்தது ஒன்றுக்குத்தான்: கால் கோணலாகிவிட்டால் மாமியார் என்ன சொல்வாளோ. கோணலாகவில்லை. கொத்தனார் அந்தக் காலைச் சுற்றித் தாழ்வாரத்துத் தூணை எழுப்பினார், ஒரு பக்கத்தை மட்டும் மூடாமல் விட்டு.

யுத்தம் முடிந்து எல்லாரும் பட்டணத்துக்குத் திரும்பினார்கள். கம்பெனி திரும்பவில்லை. கால்வாய் வழியாகப் படகிலேயே சரக்கைப் பட்டணத்துக்கு அனுப்ப முடிந்ததால் தீவே வசதியாக இருந்தது. பிறகு கால்வாய் தூர்ந்தது. லாரி வந்தது. எழுபத்திரண்டில் கம்பெனி ரோட்டுக்கும் ரயிலுக்கும் பக்கத்தில் போய்விட்டது. போகும்போது, கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த தாயாரம்மாளிடமே சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்கு இப்போது இரண்டு வருஷம்.

அவள் மாடி ஏறிக் கதவைச் சாத்தினாள். பச்சைக் கண்ணாடி போட்ட ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். இதுதான் யாருக்கும் தெரியாது. மத்தியானங்களில், மீன் விற்று வந்த பிறகு, பெருக்குவதற்கு என்று சொல்லிவிட்டு வந்து இங்கே உட்கார்ந்துவிடுவாள். பெருக்குவதற்கு எதுவும் இருக்காது. பிறந்த வீட்டில் எட்டுப் பேர் ஒரே அறையில். வந்த வீட்டில் மறைப்புக்குப் பழைய வலை. புருஷன் மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் தனியாக இருந்ததில்லை. ஓலை வீட்டில் பக்கத்து வீட்டு மூச்சுகூட நம் வீட்டில்தான் விழும். கதவைச் சாத்தினால் மூடிக்கொள்ளும் ஓர் அறை நாற்பத்தாறு வயதில்தான் கிடைத்தது. அங்கே அவள் ஒன்றும் செய்வதில்லை. கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். அதற்காகத்தானா இதெல்லாம்?

அது மட்டும் இல்லை என்றும் அவளுக்குத் தெரியும். அறுபத்தாறாம் வருஷத்துப் புயலில் ஊர் முழுக்க இந்த மாடியில்தான் இருந்தது. மேனேஜர்கள் எல்லாம் முந்தின நாளே கரைக்குப் போய்விட்டிருந்தார்கள். காலையில் பெருக்குவதற்கு என்று ஒரு சாவி அவளிடம் இருந்தது, மற்ற நேரத்தில் திறக்க உத்தரவு கிடையாது. கூரைகள் பறக்க ஆரம்பித்ததும் அவள் யாரையும் கேட்காமல் திறந்தாள். நிறுவைக் கூடத்தில் இடுப்பளவுக்கு உப்புத்தண்ணீர் ஏறியது. மேலே குழந்தைகளும் ஆடுகளும் ஈரத்துணிகளும். பக்கத்து வீட்டுச் செங்கம்மாளின் மருமகளுக்கு முதலாளியின் மேசைக்குக் கீழே வலி எடுத்துப் பிள்ளை பிறந்தது. சுவர் அசையவில்லை. எல்லாரும் அம்மனைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தபோது தாயாரம்மாள் சந்தோஷமாக இருந்தாள். யார் எங்கே படுப்பது, எந்தப் பானையில் நல்ல தண்ணீர், எல்லாவற்றையும் அவளைத்தான் கேட்டார்கள். சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடும். ஊர் மழையில் மிதக்கும்போது சந்தோஷப்பட்டவள் இப்போது ஊருக்காக என்று சொல்லலாமா?

சாயங்காலம் பெரியதனக்காரர் தேசப்பன் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று பேசினார். கம்பெனியிடம் அவர் தகரக் கொட்டகை கேட்டிருக்கிறார். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். இரும்புக்கால், தகரக்கூரை, ஊர்ப் பொதுவுக்கு. கட்டிடம் எப்படியும் போகத்தான் போகிறது, சட்டம் அவர்கள் பக்கம். கை உன்னுடையது, கட்டாயப்படுத்த ஊருக்கு வழக்கமில்லை, ஆனால் கம்பெனி வேலை தருகிறேன் என்கிறது, பையன்கள் நாலு பேர் பேக்டரிக்குப் போகட்டுமே என்று பார்க்கிறேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இரண்டு பேரன்கள், ஏரியில் இறால் குறைந்துகொண்டே வருகிறது.

"மாமா, தகரம் புயலுக்கு நிக்குமா?" என்று அவள் கேட்டாள்.

தேசப்பன் ஏரியைப் பார்த்தார். "எல்லா வருசமும் புயலா வருது?" என்றார்.

செங்கம்மாள் தன் வீட்டு வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். "தகரம் பறந்து போனா கூடவே பறந்து போயி பிடிச்சுக்கினு வருவாரு மாமா. அதான் பெரியதனம்" என்றாள். தேசப்பன் சிரித்துவிட்டார். தாயாரம்மாளால் சிரிக்க முடியவில்லை. செங்கம்மாள் அவள் பக்கம் பேசுகிறாள் என்பது ஆறுதலாக இருந்தது. ஆனால் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது தெரிந்தால் இதே வாய் என்ன சொல்லும்?

ஞாயிற்றுக்கிழமை குணசுந்தரி வந்தாள். பொன்னேரியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்துவிட்டு, ஒரு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, மேனேஜர் பொன்னேரிக்கே வந்து சொல்லிவிட்டார் என்றாள். இன்னும் ஏன் சரி சொல்லவில்லை என்று கேட்டாள்.

தாயாரம்மாள் புயலைப் பற்றிச் சொன்னாள். குணாவுக்கு அந்தப் புயலில் பதினோரு வயது. அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஈரமான மனிதர்களின் நாற்றமும், கூட்டத்துக்கு நடுவில் ஒண்ணுக்குப் போக இடமில்லாமல் அழுததும்தான். அந்த மாடியைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இந்தத் தீவையே விட்டு எல்லாரும் கரைக்கு வந்துவிட வேண்டும் என்பாள்.

"உனக்கு அந்த ஊடுதான் பெத்த பொண்ணு. நான் யாரோ" என்றாள் குணா.

அது பொய் என்று சொல்லத் தாயாரம்மாளுக்குத் தைரியம் வரவில்லை. சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, புது ஆபீசை ஒரு தடவை பார்க்கலாம், கூட வருகிறேன் என்றாள். குணா நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் படகில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, பிறகு ரயில். கவரைப்பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்களுக்கு நடுவே செம்மண் வெட்டிய புதுப் பாதைகளும், பாதி எழும்பிய சுவர்களும், பெயர்ப் பலகைகளும் தெரிந்தன. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கிய கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். கையில் டிபன் டப்பாவோடு, யாரையும் பார்க்காமல், வேகமாக நடந்தார்கள். குணா அவர்களை எப்படிப் பார்த்தாள் என்பதைத் தாயாரம்மாள் கவனித்தாள். பசியோடு பார்ப்பது மாதிரி இருந்தது. அந்த வயதில் நான் எதைப் பார்த்தாவது இப்படிப் பசித்திருக்கிறேனா என்று யோசித்தாள். நினைவுக்கு ஒன்றும் வரவில்லை.

புது ஹெட்டாபீசு மூன்று மாடி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. பெயிண்ட் வாடை கண்ணை எரித்தது. கம்பெனி இப்போது கிளிஞ்சலை விட்டுவிட்டது. வெள்ளையடிக்கும் பவுடரும் டிஸ்டெம்பரும் செய்கிறது. வரதன் ஓடிவந்தார். சொந்தத் தரையில் அவர் வேறு ஆளாக, நிமிர்ந்த நடையோடு இருந்தார். இரண்டு பேருக்கும் நாஷ்டா சொல்லி அனுப்பினார். குணாவை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்து ஒரு காகிதத்தைக் கொடுத்தார்.

குணா அடிக்க ஆரம்பித்தாள். மகள் டைப் அடித்துத் தாயாரம்மாள் பார்த்ததில்லை. முதுகு நேராக, கண் காகிதத்தில், விரல்கள் மட்டும் தனியாக ஓடின. வலையில் முடிச்சுப் போடும் வேகம் எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரதன் காகிதத்தை உருவி எடுத்து ஒரு தப்பும் இல்லை என்று காட்டினார். தன்னை மறந்து சொல்லிவிட்டார்: "இந்த கைக்கு எந்த கம்பெனில போயி நின்னாலும் வேலை உண்டும்மா. பக்கத்துல நாலு பேக்டரி ஆள் தேடிக்கினு இருக்கறான்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்ததுபோல இருமினார்.

முதலாளி கீழே வந்தார். நாற்பது வயது இருக்கும். தகப்பனாரின் நெற்றி, ஆனால் அந்தச் சிரிப்பு இல்லை. மரியாதையாகப் பேசினார். முன்கூடத்துச் சுவருக்கு அழைத்துப்போனார். அங்கே மூன்று பெரிய படங்கள் மாட்டியிருந்தன. கம்பெனியின் மூன்று தலைமையகங்கள் என்றார். முதலில் பட்டணத்துக் கிடங்கு. மூன்றாவது இந்தக் கண்ணாடிக் கட்டிடம். நடுவில் உப்பந்திட்டு. வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல், படிக்கட்டில் பெரியவரும் கணக்கப்பிள்ளைகளும். பின்னால் வானம். படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி காலியாக இருந்தது. மூலைக்காலை இதில் வைக்கப்போகிறோம், வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், உங்கள் கை நட்டது என்று சொல்வோம் என்றார். அவர் அதைப் பெருந்தன்மையாகவே சொன்னார். யாரோ போனில் கூப்பிட, மன்னிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லி மகளிடம் கேட்டாள் தாயாரம்மாள். குணா முதல் படத்தைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள்: யுத்த ஆண்டான ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் எங்கள் ஸ்தாபகர் இந்தத் தலைமையகத்தைக் கட்டி எழுப்பினார். படிக்கும்போது நடுவில் ஓர் இடத்தில் குரல் தடங்கியது. மூன்றாவதற்கு நகர்ந்தாள்.

"நடுவுல நிறுத்தினியே. இன்னா வுட்ட?"

"ஒண்ணும் இல்லமா."

"படி குணா."

குணா எழுத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். "மனுசர் யாரும் குடியில்லாத வெறுந்தீவுல கட்டினாருன்னு போட்டிருக்குது."

தாயாரம்மாள் படத்தை மறுபடி பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. எழுதியவனுக்கு யார் மேலும் பகை இருந்திருக்காது. வீடுகள் கட்டிடத்துக்குப் பின்னால் இருந்தன, படம் எடுத்தவன் முன்னால் நின்றான், அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் கால் வந்து நின்ற பிறகு, வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதைப் பார்ப்பார்கள். யாரும் இல்லாத தீவில் யார் கை நட்டிருக்கும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவளுக்கு உறைத்தது இது இல்லை. மகள் அந்த வார்த்தைகளைப் படிக்காமல் தாண்டிப் போனதுதான் உறைத்தது. குணா கெட்ட எண்ணத்தில் தாண்டவில்லை, அம்மாவுக்கு வலிக்கக் கூடாது என்று தாண்டினாள். இங்கே வேலைக்கு வந்தால் தினம் இப்படித் தாண்ட வேண்டியிருக்கும். அதுவும் பழகிப்போகும். வேலை என்றால் நாலையும் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆனால் தாண்டக் கற்றுக்கொள்ள என் கையைக் கூலியாகக் கொடுத்து அனுப்ப வேண்டுமா?

திரும்பும் ரயில் பொன்னேரியை நெருங்கும்போது குணா, எழுதினவன் தெரியாமல் எழுதியிருப்பான், சொன்னால் மாற்றிவிடுவார்கள் என்றாள். மாற்றட்டும் என்றாள் தாயாரம்மாள். மேனேஜர் சொன்னதைக் கேட்டாயா, பக்கத்தில் நாலு பேக்டரி என்றாரே என்று நினைவுபடுத்தினாள். அங்கே யாரைத் தெரியும், இங்கே கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள் என்றாள் குணா.

"கூப்ட்டு குடுக்கறதுன்னா, அப்புறம் எப்ப வேணா வாபஸ் வாங்கிக்குவாங்க. உன் விரலுக்கு குடுத்தா யாராலயும் வாங்க முடியாது."

குணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டேஷனில் இறங்கிச் சித்தி வீட்டுக்குப் பிரியும் இடத்தில் நின்றாள். "நீ மாட்டேன்னு சொல்லிட்டா, நான் உன்கூட பேசுவனான்னு எனக்கே தெரில. இத இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அதனால்தான் அது நிஜம் என்று தாயாரம்மாளுக்குத் தெரிந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் மாடிக்குப் போகவில்லை. போகாமல் இருந்து பார்த்தாள். மத்தியானங்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து செங்கம்மாள் பேசுவதைக் கேட்டாள். அறை இல்லாமல் இருக்க முடிகிறதா என்று தன்னையே சோதித்தாள். முடிந்தது. கஷ்டமாக இருந்தது, ஆனால் முடிந்தது. அப்படியானால் அந்த அறைக்காக மட்டும் நான் மறுக்கவில்லை என்பது அவளுக்குத் தெளிவாயிற்று. அந்த அறையும் வேண்டும், சுவரும் வேண்டும், சாவியை இடுப்பில் வைத்திருந்த அந்தச் சந்தோஷம்கூட வேண்டும். வேண்டியவை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்? காரணத்தில் கொஞ்சம் தன்னலம் கலந்திருப்பதால், ஐப்பசியில் வரும் தண்ணீர் குறைந்துவிடப்போவதில்லை. செங்கம்மாளின் பேரன், மேசைக்குக் கீழே பிறந்தவன், கரையில் நண்டைத் துரத்திக்கொண்டிருந்தான். தகரத்தின் கீழே அவனை உட்கார வைத்துப் பார்த்தாள். மனதுக்குள்கூட முடியவில்லை.

அவள் கம்பெனிக்குப் பதில் சொல்லி அனுப்பவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, புரட்டாசி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளியே வந்தார். பின்னால் இரண்டு படகில் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த ஆட்கள், கடப்பாரையும் கயிறுமாக. வரதன் இறங்கும்போது, இந்தத் தடவை மாரியப்பன் படகைச் சாய்க்கவில்லை. ஊர் முழுக்கத் தாழ்வாரத்துக்கு முன்னால் வந்து நின்றது. வேலைக்குப் போகப்போகும் பையன்கள் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். தாயாரம்மாள் அவர்களைப் பார்த்தபோது மனது ஒருமுறை தடுமாறியது. பேரன்களோடு தேசப்பன் முன்வரிசையில் நின்றார். கூட்டத்தின் ஓரத்தில் குணாவும் இருந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

தேங்காய் உடைத்தார்கள். தூணின் திறந்த பக்கத்தில் பூவரசங்கால் தெரிந்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் கறுத்து, கல்லைப்போல ஆகியிருந்தது. மஞ்சள் குங்குமம் வைத்தார்கள். சூடம் எரிந்து அணைந்தது. ஆட்கள் கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கி நின்றார்கள்.

முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அருகே வந்தார். தணிந்த குரலில், படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை மாற்றச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். உங்கள் மகள் வந்து சொன்னாள், தப்பு எங்களுடையதுதான் என்றார்.

தாயாரம்மாள் திரும்பிக் குணாவைப் பார்த்தாள். குணா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகப் போய், முதலாளி முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள். இப்போது ஆவட்டும் என்று சொல்வது எவ்வளவு சுலபம். மகளுக்காக, இந்த ஒன்றுக்காகவாவது.

"கைய வைங்கம்மா" என்றார் முதலாளி.

அவள் தூணைப் பார்த்தாள், பிறகு மாடியைப் பார்த்தாள். வானம் தெற்கே கூடிக்கொண்டிருந்தது. பையன்களின் சட்டைகளைப் பார்த்தாள். அவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை, திட்டுவதற்கு உயிரோடு இருக்கட்டும்.

"மாத்தினது நல்லதுங்க" என்றாள். "ஆனா நான் வைக்கமாட்டேன்."

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது. குனிந்து மறுபடி கேட்டார். தேசப்பன் ஏரியைப் பார்த்தார். வரதன் கண்ணை மூடிக்கொண்டார்.

"மரம் உங்களுது, சுவரு உங்களுது. நான் இல்லன்னு சொல்லல" என்றாள் அவள், முன்பைவிட மெதுவாக. "என்னிய கேட்டீங்க. நான் மாட்டேங்கறேன். இந்த மழைக்கும் மாட்டேன், மழை போனப்புறமும் மாட்டேன். நீங்க போயிட்டு வாங்க முதலாளி, தண்ணி ஏறதுக்குள்ள."